சோப்ரெமெசா

மெக்சிகோவில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் களைகட்டும். டாக்கோ தட்டுகள் காலியாகிவிட்டன. மரியாச்சி பாடகர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். ஆனால் எதிரே இருக்கும் தோழிக்கு எழுந்துபோக மனமில்லை. பட்டையும் வெல்லமும் சேர்த்து மண்பானையில் காய்ச்சிய காபி வருகிறது, பேச்சு நீள்கிறது. அந்த நேரத்துக்கு ஸ்பானிய மொழியில் ஒரு பெயரே உண்டு: சோப்ரெமெசா.

'சோப்ரே' என்றால் மேல், 'மெசா' என்றால் மேசை. மேசைமேல் விரிக்கும் துணியையும் இச்சொல் குறிக்கும். போர்த்துக்கீசியத்திலோ இதே சொல் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு. துணி, தின்பண்டம், நேரம் என்ற மூன்று பொருள்களில் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்களே!

'மெசா'வின் வேர் லத்தீன் 'மென்சா'. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த நம் 'மேசை'யும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆக, 'சோப்ரெமெசா'வில் பாதி ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று: கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைப்பது மெக்சிகோவில் மரியாதை அல்ல. எழுந்து போங்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். 'லா குவென்தா' (பில்) என்று நாமே கேட்கும்வரை மேசை நம்முடையது.