நிதி முன்மொழிவை யார் எழுதுவது? புதுக்கோட்டைக் களத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சிக்குட்பட்ட வேங்கைவயலில் தலித் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2023 சனவரியில் விசாரணை சிபிசிஐடி-யிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 சனவரியில் அவ்வூர்த் தலித்துகள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை ஊர் மக்களும் தலித் இயக்கங்களும் ஏற்கவில்லை. வழக்கின் சட்டச் சிக்கல்கள் தனியே விவாதிக்கப்பட வேண்டியவை. இக்கட்டுரையின் கேள்வி வேறு: இந்த ஊரில் பணியாற்ற நிதி கோரும் ஒரு தொண்டு நிறுவனம், ஊரின் சிக்கலை என்னவென்று எழுதும்?

'பாதுகாப்பான குடிநீர் பற்றிய விழிப்புணர்வு மக்களிடம் இல்லை' என்று எழுதலாம். 'தீண்டாமை நிலவும் பகுதியில் தலித் மக்களின் குடிநீர் உரிமை தாக்கப்பட்டது. அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை' என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்துக்கு நிதி கிடைத்தால் கைகழுவும் பயிற்சி முகாம் நடக்கும். இரண்டாவதற்குக் கிடைத்தால் சட்ட உதவியும் சாட்சிகளுக்கான துணையும் சாத்தியமாகும். முதல் வாக்கியம் பாதிக்கப்பட்டவரை அறியாதவராக்கிவிட்டு, சாதியை மறைத்துவிடுகிறது. ஆகவே முன்மொழிவு எழுதுவது வெறும் அலுவலக வேலை அன்று. போராட்டத்தின் பொருளை வரையறுக்கும் வேலை. அந்த எழுத்து களப்பணியாளரின் கைக்கு வர வேண்டும்.

ஏன் இப்போது?

பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியைப் பெற்று, அதில் ஒரு பகுதியை மாவட்டச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பகிர்வை முற்றிலும் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்சநீதிமன்றம் பகிர்வுத் தடையைச் செல்லத்தக்கதென அறிவித்தது. இனி சிறு அமைப்புகள் தாமே எழுதி, தாமே பெற வேண்டும்.

உள்நாட்டில் இரு வாயில்கள் உள்ளன. முதலாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி, 500 கோடி ரூபாய் நிகரமதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது, அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே உள்ளது. முன்மொழிவில் அதை மேற்கோள் காட்டுங்கள். இந்நிதியைப் பெற, 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு கட்டாயம்.

இரண்டாவது, அரசு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 3ஆம் விதி, விழிப்புணர்வு மையங்களும் பயிலரங்குகளும் நடத்தத் தொண்டு நிறுவனங்களை மாநில அரசு ஊக்குவித்து, நிதியுதவி உள்ளிட்ட உதவிகளை அளிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் 15ஏ(12) பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்குரைஞர்கள் ஆகியோரின் துணையைப் பெறுவதைப் பாதிக்கப்பட்டோரின் உரிமையாக அறிவிக்கிறது. நாம் கேட்பது தருமம் அன்று. சட்டம் அரசின் மீது சுமத்திய கடமை.

பயிற்சியில் கற்பிக்க வேண்டியவை

*சிக்கல்:* 'வறுமை', 'அறியாமை' போன்ற பொதுச்சொற்களை நீக்கிவிட்டு, யார், யாருக்கு, எதை மறுக்கிறார் என்று எழுதப் பழக்க வேண்டும். சுடுகாட்டுப் பாதை மறுக்கப்படுகிறது என்றால் அவ்வாறே எழுதுக.

*ஆதாரம்:* தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 களப்பணியாளரின் ஆய்வுக்கருவி. மூன்று கேள்விகளுடன் தொடங்கலாம். கடந்த மூன்றாண்டுகளில் மாவட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் எத்தனை? தீருதவி வழங்கப்பட்ட நாட்கள் எவை? மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு எத்தனை முறை கூடியது? 30 நாட்களுக்குள் வர வேண்டிய பதில்களே முன்மொழிவின் அடிப்படைத் தரவு. பதில் மறுக்கப்பட்டால், அந்த மறுப்பும் ஆதாரமே.

*செயலும் விளைவும்:* 'பத்து முகாம்கள் நடத்துவோம்' என்பது செயல். அதனால் என்ன மாறும் என்பது விளைவு. விளைவை அளக்கும் கோலைச் சட்டமே தருகிறது. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி தீருதவி ஏழு நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். நாம் துணைநின்ற வழக்குகளில் எத்தனையில் இக்கெடுக்கள் காக்கப்பட்டன என்பதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை.

*செலவு:* வெளிநாட்டு நிதி என்றால், சட்டக் கட்டணம், வாடகை, அறிக்கை எழுதும் செலவு ஆகியவை நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்படும். நலப்பணியை நேரடியாகச் செய்வோரின் ஊதியம் அதில் சேராது. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதினால், வழக்கு நடத்தும் திட்டம் 20 விழுக்காட்டு வரம்பை எளிதில் மீறிவிடும். கணக்காளரையும் பயிற்சியில் அமர்த்துங்கள்.

எப்படி வழிகாட்டுவது?

இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் கிடைக்கும், எழுத்து வராது. இம்மாவட்டத்துக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு எழுத்துடன் சைக்கிளும் கற்றுத்தந்தது. அவ்வூர்களைச் சேர்ந்த தொண்டர்களே கற்பித்தனர். கற்றவர் அடுத்தவருக்குக் கற்பித்தார். அதே முறை இங்கும் பொருந்தும்.

ஆறு மாதக் காலத்தைக் கொள்ளலாம். முதல் மாதத்தில் நிராகரிக்கப்பட்ட ஒரு பழைய முன்மொழிவைக் கூடிப் படித்து, எங்கே பிழைத்தது என்று பேசட்டும். இரண்டாம் மாதத்தில், எழுதத் தயங்கும் பணியாளர் தம் ஊர்ச் சிக்கலை வாய்மொழியாகச் சொல்லட்டும். அதைப் பதிவுசெய்து, அவரையே ஒரு பக்கமாக எழுதச் செய்க. வழிகாட்டி திருத்தக் கூடாது. கேள்வி மட்டும் கேட்க வேண்டும். அடுத்த இரு மாதங்கள் தரவுக்கும் செலவுக்கணக்குக்கும். ஐந்தாம் மாதம் சிறு தொகைக்கான உண்மையான விண்ணப்பம். ஆறாம் மாதம், விண்ணப்பத்தின் நிலை எதுவாயினும், எழுதியவர் புதிய ஒருவருக்கு வழிகாட்டியாக வேண்டும். தமிழிலேயே சிந்தித்து, தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் பெயர்ப்பது கடைசிப் படி. பெயர்த்ததை அவருக்குத் தமிழில் விளக்கி, அவர் ஒப்பிய பின்னரே அனுப்ப வேண்டும்.

மீறக் கூடாத எல்லைகள்

பாதிக்கப்பட்டோரின் துயரம் நிதிக்கான விளம்பரப் பொருள் அன்று. பெயர், படம், ஊர் அடையாளம் எதையும் அவர்களது ஒப்புதலின்றிப் பயன்படுத்தக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72இன்படி குற்றம்.

'சாதி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், நிதி தருகிறோம்' என்று கேட்கப்படும் தருணமும் வரும். எந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதை முன்னதாகவே ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்து, தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தேவை நெருக்கும் நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் தனியே எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

முன்மொழிவை அனுப்பும் முன் இறுதியாக ஒரு சோதனை உண்டு. அதை அவ்வூர் மக்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'இது எங்கள் ஊர்தான்' என்று அவர்கள் சொன்னால் அனுப்புங்கள். சொல்லாவிட்டால், இன்னொரு முறை எழுதுங்கள்.