ட்ரம்பிங்டனின் கட்டில் கல்லறை

1989ஆம் ஆண்டு லண்டனில், அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டப்பட்ட மனையில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. நடிகர்களும் பொதுமக்களும் திரண்டு நின்று, அது அழிக்கப்படாமல் தடுத்தனர். மறு ஆண்டே இங்கிலாந்து அரசு ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. தொல்லெச்சம் இருக்கக்கூடிய நிலத்தில் கட்டட அனுமதி வேண்டுமானால் முதலில் மண்ணை ஆராய வேண்டும். மண்ணைக் கலைப்பவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். வரலாற்றார்வலர்கள் அதுவரை கெஞ்சிப் பெற்றுவந்த அவகாசம், இவ்வாறு அனுமதியின் நிபந்தனையாயிற்று.

அந்நிபந்தனை இல்லையேல் நாம் அறிந்தே இருக்கமாட்டாத ஒரு பெண்ணைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

கேம்பிரிட்ஜ் நகரின் தெற்கு விளிம்பிலுள்ள ட்ரம்பிங்டனில் சுமார் 1,200 வீடுகள் கட்டத் திட்டமிட்டனர். முன்பு பயிர் ஆராய்ச்சி நடந்துவந்த நிலம் அது. 2011இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவினர் அங்கு அகழ்ந்தபோது, 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த 4 கல்லறைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், ஏறத்தாழ 16 வயதுப் பெண்ணொருத்தி மரக்கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தாள். மரம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. சட்டங்களைப் பிணைத்த இரும்புப் பட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து கட்டிலின் வடிவத்தைக் காத்துவந்தன. கழுத்தருகே 3.5 செ.மீ. அகலமுள்ள பொற்சிலுவை, அதில் கார்னெட் எனும் செந்நிறக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஆடையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்த சிலுவை அது.

போப்பாண்டவர் அனுப்பிய அகஸ்டின் கென்ட் கரையில் இறங்கியது 597இல்தான். புதிய சமயம் வேரூன்றிக்கொண்டிருந்த காலம். மார்பில் சிலுவை, உடன் மணிகளும் கத்தியும். பழைய வழக்கமும் புதிய நம்பிக்கையும் ஒரே குழியில் அடங்கியிருந்தன.

அக்கற்களைக் கண்டதும் நமக்கு ஓர் ஆசை எழுவது இயல்பே. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய நகைகளில் பதிந்த கார்னெட் கற்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயின் 7ஆம் நூற்றாண்டில் அவ்வரத்து குன்றி, பொஹீமியக் கற்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எனவே இச்சிலுவையில் நம் பக்கத்துக் கல்லைத் தேட அவசரப்பட வேண்டியதில்லை.

அப்பெண்ணின் எச்சங்களில் நடத்தப்பட்ட ஐசோடோப்பு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அவள் பிறந்தது ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய பகுதியில், ஒருவேளை தெற்கு ஜெர்மனியில். 7 வயதுக்குப் பிறகே கேம்பிரிட்ஜ் பக்கம் வந்திருக்கிறாள். வந்தபின் அவள் உணவில் புரதம் குறைந்திருக்கிறது. திருமணத்துக்காக அழைத்துவரப்பட்டாளா, சமயப் பணிக்காகவா என்பதற்கு எலும்பில் விடை இல்லை. எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத ஒருத்தி, ஊர் மாறியபோது உணவும் மாறியது என்பதை மட்டும் நமக்குச் சொல்லிவிட்டாள்.

இந்த ஏற்பாட்டில் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எங்கே தோண்டுவது என்பதை வரலாற்றாய்வாளரின் கேள்வி தீர்மானிப்பதில்லை. வீட்டுத் தேவை தீர்மானிக்கிறது. வீடு எழும்பாத ஊரின் மண் வாய் திறப்பதில்லை. அகழ்வதும் ஒருவகை அழிவுதான்: பதிவு எஞ்சும், இடம் எஞ்சாது. அப்பதிவுகளிலும் பல, சில பிரதிகளோடு அலமாரிகளில் உறங்கும் அறிக்கைகளாகவே நின்றுவிடுகின்றன. ட்ரம்பிங்டன் பெண்ணுக்குப் பொன் இருந்தது, பேசப்பட்டாள். அதே நிலத்தில் புழங்கிய மற்றவர்கள் மண்ணின் நிறமாற்றங்களாக வரைபடத்தில் புள்ளிகளாயினர்.

சிலுவையை நில மேம்பாட்டாளர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல், மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டனர். 2023இல் அங்கு நடந்த கண்காட்சியில், மண்டையோட்டைக் கொண்டு உருவாக்கிய அவள் முகமும் இடம்பெற்றது. ட்ரம்பிங்டனில் வீடுகள் எழும்பிவிட்டன.