வணிக வளாக வாகன நிறுத்துமிடங்களில் பனி அகற்றம்: முன்கூட்டியே திட்டமிடுவது ஏன்?

டொராண்டோ: கனடாவின் டொராண்டோ மாநகரில் தமிழர்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த ஸ்கார்பரோ பகுதி வணிக வளாகங்களில், குளிர்காலத்தில் வாகன நிறுத்துமிடங்களைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முக்கியப் பணியாகும். பொதுச் சாலைகளில் பனியை மாநகராட்சி அகற்றுகிறது. தனியார் வளாகங்களில் அப்பொறுப்பு உரிமையாளர்களையே சாரும்.

1999 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு மீட்டருக்கும் அதிகமாகப் பனி கொட்டியது. அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தின் உதவியை நாடினார்.

எடையும் இடமும்: 1,000 சதுர மீட்டர் பரப்பில் 20 செ.மீ. பனி படிந்தால் அதன் அளவு 200 கன மீட்டர். புதிதாக விழுந்த பனியானாலும் அதன் எடை சுமார் 20 டன் இருக்கும். இதை எங்கே குவிப்பது என்பதைப் பனிக்காலத்துக்கு முன்பே வரைபடத்தில் குறிக்க வேண்டும். மேட்டுப் பகுதியில் குவித்தால், பகலில் உருகும் நீர் நடைபாதையில் வழிந்து இரவில் மீண்டும் உறைந்துவிடும். எனவே வடிகாலுக்கு அருகிலுள்ள தாழ்வான இடமே ஏற்றது. ஆனால் வடிகால் வாயை அடைத்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள், தீயணைப்புக் குழாய்கள், வெளியேறும் வழிகள் ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது.

ஒப்பந்தம்: எத்தனை செ.மீ. பனி விழுந்ததும் பணி தொடங்கும், கட்டணம் பருவம் முழுமைக்குமா அல்லது ஒவ்வொரு முறைக்குமா, உப்பு தூவுவது யார் பொறுப்பு என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக இடம்பெற வேண்டும்.

உப்பின் எல்லை: தரையின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே செல்லும்போது சாதாரண உப்பின் செயல்திறன் வெகுவாகக் குறைகிறது. அப்போது கால்சியம் குளோரைடு பயன்படுத்தப்படுகிறது. வழுக்காமல் இருக்க மணலும் தூவப்படுகிறது. சாலை உப்பு நீர்நிலைகளைப் பாதிப்பதால், அதைச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என 2001-இல் கனடா அரசின் ஆய்வு மதிப்பிட்டது.

சட்டப் பொறுப்பு: ஒண்டாரியோ மாகாணச் சட்டப்படி, தமது இடத்துக்கு வருவோரின் பாதுகாப்புக்கு உரிமையாளர் நியாயமான கவனம் செலுத்த வேண்டும். 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, தனியார் இடத்தில் பனியில் வழுக்கிக் காயமடைந்தவர் இழப்பீடு கோர, பொதுவாக 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். வழக்கு தொடரப்பட்டால், பனி அகற்றிய நேரம், உப்பு தூவிய நேரம் ஆகியவற்றைக் குறித்த பதிவேடே உரிமையாளருக்கு முக்கியச் சான்றாக அமையும்.