அக்குள் நாற்றமும் ஒரு துத்தநாக நொதியும்

அக்குளில் அப்போதுதான் சுரந்த வியர்வை நாறுவதில்லை. அக்குளின் அபோக்ரைன் சுரப்பிகள் தரும் வியர்வையைக் கிருமி படாமல் வைத்தால் அதற்கு மணமில்லை, தோல் பாக்டீரியா சேர்ந்த பிறகே வாடை எழுகிறது என்று ஷெல்லியும் ஹர்லியும் 1953இல் காட்டினார்கள். நாம் கற்றாழை நாற்றம் என்று முகம் சுளிப்பது பாக்டீரியாவின் கைவேலை. அதற்காக அவற்றைக் கூண்டோடு கொல்வது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான். தோலைக் காக்கும் கிருமிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன.

வாடையை அவிழ்த்துவிடும் நொதியை மட்டும் முடக்க முடியுமா? ஆந்திரியாஸ் நாட்ச் குழுவினர் 2003இல் அக்குளில் வாழும் கோரினிபாக்டீரியத்திலிருந்து ஒரு துத்தநாக நொதியைப் பிரித்தெடுத்தார்கள். வாடை தரும் அமிலங்கள் வியர்வையில் குளூட்டமினோடு பிணைந்து, மணமின்றி வருகின்றன. அந்தப் பிணைப்பை இந்நொதி அறுக்கிறது. குளூட்டமின் பக்கத்தில் அது படு கறார். அமிலப் பக்கத்தில் எது வந்தாலும் சம்மதம். ஆகவே தடுப்பானின் குறி தவறாமை குளூட்டமின் முனையிலிருந்தே வரவேண்டும். துத்தநாகத்தைப் பற்றும் முனை வீரியம் தரும். இலக்கைத் தேர்ந்து தராது. நம் உடலிலும் துத்தநாக நொதிகள் ஏராளம்.

சோதனைக் குழாயில் கிடைக்கும் வீரியத்தை வைத்துத் தடுப்பான்களை வரிசைப்படுத்துவது இங்கே ஏமாற்றும் என்பது என் வாதம். இரத்த அழுத்த மருந்துகளில் சிலவற்றைப் பாருங்கள். அவையும் ஒரு துத்தநாக நொதியைத்தான் தடுக்கின்றன. அவற்றில் கேப்டோபிரில், கந்தக முனையுள்ள தையால் வகை. கரைசலில் காற்றுப் பட்டால் இரண்டு மூலக்கூறுகள் கந்தகத்தால் இணைந்து செயலிழக்கின்றன. போதாததற்கு அதற்கே கந்தக வாடை உண்டு! நாற்றம் போக்க அதைப் பூசுவாருண்டா? ஹைட்ராக்ஸமேட்டுகள் என்ற வேறொரு வகைத் தடுப்பான்கள் துத்தநாகத்தை இறுகப் பிடிக்கும். ஆனால் நீரில் மெல்லச் சிதையும், நம் நொதிகளையும் பிடிக்கும். இன்னொரு இரத்த அழுத்த மருந்தான ஃபோசினோபிரிலில் உள்ள பாஸ்பினேட் இவ்விரண்டையும்விட உறுதியானது. பிணைப்பு அறுபடும் நொடியில் தோன்றும் நான்முகி வடிவத்தை அது ஒத்திருக்கிறது. ஆனால் அதை நீரால் அறுக்க முடியாது.

பாஸ்பினேட்டின் குறை அதன் மின்சுமை. நொதி பாக்டீரியாவுக்குள் இருந்தால் தடுப்பானும் உள்ளே போகவேண்டும்; செல்சவ்வு அதை எளிதில் விடாது. ஃபோசினோபிரிலில் அந்தச் சுமையை எஸ்டர் முகமூடியால் மறைத்தார்கள். உடலுக்குள் போனதும் அது கழன்றுவிடும். அக்குளில் இந்த உத்தி எடுபடுமா என்பது ஐயமே. தோலிலும் அங்குள்ள கிருமிகளிலும் எஸ்டர் அறுக்கும் நொதிகள் நிறைய. முகமூடி வாசலுக்கு வெளியிலேயே கழன்றுபோகும்.

மாறாக, பாக்டீரியாவின் வாசலையே பயன்படுத்தலாம். வெங்காய வாடைக்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ், அந்த வாடையாக மாறும் முன்பொருளைப் பெப்டைடு கடத்தி ஒன்றின் வழியாக உள்ளிழுத்துக்கொள்கிறது. கோரினிபாக்டீரியம் அறுக்கும் குளூட்டமின் சேர்மமும் மின்சுமை உடையதே. அதுவும் ஏதோ ஒரு கடத்தியை நம்பித்தான் உள்ளே போகவேண்டும் என்று கருத இடமுண்டு. அப்படியானால் குளூட்டமின் முனையை மாற்றாமல் வைத்த பாஸ்பினேட், நொதியைத் தேர்ந்து பிடிப்பதோடு வாசலையும் தானே திறந்துகொள்ளக்கூடும். முதலில் செய்யவேண்டிய சோதனை எளியது: தூய நொதியில் ஒருமுறை, உயிருள்ள செல்லில் ஒருமுறை, ஒருநாள் வியர்வையில் ஊறவைத்த பிறகு மறுபடியும் ஒருமுறை அதே தடுப்பானை அளப்பது.