கண்டி மேளக்காரரின் பெயர்கள்

கண்டி தலதா மாளிகையில் வைகறையிலும் முற்பகலிலும் அந்தியிலும் நிகழும் பூஜைகளின்போது, தவுலும் தம்மட்டமும் ஹொரணை என்னும் குழலும் சேர்ந்து முழங்கும் ஹேவிசியைக் கேட்கும் தமிழருக்கு, அவ்வாத்தியங்களின் பெயர்களிலே நம் தவிலும் தம்பட்டமும் ஒலிப்பது புலப்படாமற் போகாது. ஆயினும் அவற்றை முழக்குவோர் எப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்று விசாரித்தவர் நம்மிற் சிலரே.

சிங்களத்தில் முழவுக்குப் 'பெர' என்று பெயர். முழக்குவோர் 'பெரவா' ஆயினர். தொழிலைச் சுட்டப் பிறந்த அச்சொல் ஜாதிப் பெயராகித் தாழ்வின் முத்திரையையும் ஏற்றமையால், அக்குலத்தார் தம்மை 'நெகத்தி' என்று வழங்குவதையே விரும்பினர். நட்சத்திரம் என்னும் வடசொல்லின் வழிவந்த அப்பெயர் வெறும் கௌரவத்துக்காகப் புனைந்ததன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், நெசவுத் தொழிலுடைய ஒரு வகுப்பார் நாள் பார்த்துச் சொல்வதையும், பிறந்த குழந்தைக்குக் கிரக நிலை எழுதித் தருவதையும், தேவாலயங்களில் மேளம் முழக்கிக் குழலூதி ஆடுவதையும் விவரிக்கிறார். காலத்தைக் கணிப்பவனும் தாளத்தைக் காப்பவனும் அங்கே ஒருவனாகவே இருந்தான்; அத்தகையவனைக் கீழோன் என்றது அச்சமூகத்தின் பெரும்பிழை.

கோயிலில் மேளம் முழக்கும் இக்கைங்கரியத்துக்குக் கூலி நிலமே. கோயில் நிலத்தை அனுபவிப்போர் முறைவைத்து வந்து முழக்கக் கடமைப்பட்டிருந்தனர். 1832இல் அரசாங்கம் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தபோதும் கோயில் ஊழியம் நீடித்தது. அதற்கீடாகப் பணம் செலுத்தும் வழியை 1870ஆம் ஆண்டின் சட்டமே திறந்தது.

நம் சரித்திரமும் இதற்கு வேறானதன்று. துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் சிறந்த குடிகளாக எண்ணியது புறநானூற்றின் 335ஆம் பாட்டு. பறை என்னும் வாத்தியத்தின் பெயரையே பிற்காலத்தார் இழிசொல்லாக்கினர். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு எழுப்பியது தப்பு என்னும் பறையே. மாசியிலே காமன் கூத்தை நடத்துவதும் அதுவே. சாவு வீட்டிலும் அதுவே முன் நிற்கும். இத்தனைக்கும் வேண்டிய அடிகளையெல்லாம் ஏட்டின் துணையின்றி நெஞ்சில் வைத்திருப்பவரை நாம் 'தப்படிக்கிறவன்' என்று ஒருமையிலே சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாதசுரம் வாசிப்பவரை வித்துவான் என்று வணங்கும் நம் கோயில்களும் சங்கங்களும், தப்பிசைப்போரையும் அதே பெயரால் மேடைக்கு அழைத்தல் வேண்டும்.