பேஸ்பால் மட்டைவீச்சில் சுழல்முறையும் நேர்முறையும்

சுழல்முறை மட்டைவீச்சு, நேர்முறை மட்டைவீச்சு என்பன பேஸ்பால் (அடிபந்தாட்டம்) விளையாட்டில் மட்டையாளர் தன் உடலை இயக்கிப் பந்தை அடிக்கும் விதத்தை விளக்கும் இரு கோட்பாடுகள் ஆகும். மட்டையின் வேகம் இடுப்பும் தோளும் உடலின் அச்சைச் சுற்றித் திரும்புவதால் கிடைக்கிறது என்பது சுழல்முறையின் அடிப்படை. உடலின் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு, அதாவது பந்து வரும் திசை நோக்கி, நகர்த்துவதே அடிக்கு வலிமை தருகிறது என்பது நேர்முறையின் அடிப்படை. அமெரிக்கப் பயிற்சியாளர்களிடையே 1970கள் முதல் இது பெரும் விவாதப் பொருளாக இருந்து வந்துள்ளது. இயற்பியல் நோக்கில் இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

பின்னணி

பந்தெறியும் மேட்டிலுள்ள தகடு, மட்டையாளர் நிற்கும் தளத்திலிருந்து 18.44 மீட்டர் தொலைவில் உள்ளது. எறிவாளர் முன்னோக்கி அடியெடுத்து வைத்தே பந்தை விடுவதால் பந்து கடக்கும் தூரம் இதனினும் குறைவு. மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் மட்டையாளரை அடைந்துவிடும். மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 நொடி தேவைப்படுகிறது. எனவே பந்தைக் கண்டு, அதன் வகையை அறிந்து, அடிப்பதா விடுவதா என முடிவு செய்ய எஞ்சுவது கால் நொடியே ஆகும். மட்டையை விரைவாகச் சுழற்றக்கூடியவர் சிறிது தாமதித்து முடிவெடுக்கலாம். வீச்சுமுறை பற்றிய விவாதம் வெறும் அழகியல் விவாதமாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

மட்டையின் வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எளிய சமன்பாட்டால் அறியலாம். மட்டையின் நல்ல பகுதியில் பந்து படும்போது, திரும்பிச் செல்லும் பந்தின் வேகம் தோராயமாக, வரும் பந்தின் வேகத்தில் 0.2 மடங்கையும் மட்டையின் வேகத்தில் 1.2 மடங்கையும் கூட்டினால் கிடைப்பதாகும். மட்டையை அடையும்போது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகமுள்ள பந்தை 115 கிலோமீட்டர் வேகமுள்ள மட்டை அடித்தால், பந்து ஏறத்தாழ 166 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். அதாவது எறிவாளர் கூட்டும் வேகத்தை விட மட்டையாளர் கூட்டும் வேகம் ஆறு மடங்கு பயன் தருகிறது.

வரலாறு

சுழல்முறையின் முதன்மையான ஆசானாகக் கருதப்படுபவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் ஆவார். 1941ஆம் ஆண்டில் 0.406 என்ற அடிச் சராசரியைப் பெற்றவர் இவர். அதன் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஆகிய இரண்டிலும் எவரும் ஒரு முழுப் பருவத்தில் 0.400ஐ எட்டவில்லை. ஜான் அண்டர்வுட்டுடன் இணைந்து இவர் எழுதிய "தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்" என்னும் நூல், கைகளுக்கு முன்னர் இடுப்பு திரும்ப வேண்டும் என வலியுறுத்தியது. எறிமேட்டிலிருந்து வரும் பந்து சுமார் 5 முதல் 10 பாகை கீழ்நோக்கிச் சரிந்தே வருகிறது. ஆகையால் மட்டையும் அதே அளவு மேல்நோக்கிச் சாய்ந்து சென்றால் பந்தின் பாதையும் மட்டையின் பாதையும் நீண்ட தூரம் ஒன்றியிருக்கும். நேரக் கணிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் பந்து மட்டையில் படும். மட்டையைக் கீழ்நோக்கி வெட்டுவதுபோல் வீச வேண்டும் எனப் பல பயிற்சியாளர்கள் கற்பித்து வந்த காலத்தில் இது மாறுபட்ட கருத்தாகும். வில்லியம்ஸ் பயிற்றுவித்த வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் ஆடிய மைக் எப்ஸ்டீன், பின்னாளில் இதனைச் சுழல்முறை என்ற பெயரிலேயே பரப்பினார்.

நேர்முறையின் ஆசான் சார்லி லாவ். இவர் ஆட்டக்காரராகப் பெரிதும் விளங்கியவர் அல்லர். இவரது வாழ்நாள் சராசரி 0.255 மட்டுமே. ஆயினும் 1970களில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் மட்டைப் பயிற்சியாளராக இருந்தபோது, படச்சுருள்களையும் காணொளிகளையும் நுணுகி ஆராய்ந்து, சிறந்த மட்டையாளர்கள் அனைவரும் முதலில் பின்னோக்கிச் சாய்ந்து, பின்னர் எடையை முன்காலுக்கு மாற்றுவதைக் கண்டார். இவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980இல் 0.390 சராசரி பெற்றார். அதே ஆண்டில் லாவின் நூலும் வெளிவந்தது. ராயல்ஸ் அணியின் அரங்கில் அக்காலத்தில் செயற்கைப் புல்தரை இருந்தது. அதில் தாழ்வாகவும் வேகமாகவும் செல்லும் பந்துகள் தடுப்பாளர்களைக் கடந்து விரைந்தோடின. லாவின் முறை அங்கு செழித்ததற்கு இதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

லாவ் 1984இல் காலமானார். அவரது வழியை வால்ட் ஹிரினியாக் தொடர்ந்தார். வில்லியம்ஸ் ஆடிய அதே பாஸ்டன் அணியில் ஹிரினியாக் நேர்முறையைக் கற்பித்தது குறிப்பிடத்தக்கது. பின்னர் சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் அவரிடம் பயின்ற ஃபிராங்க் தாமஸ் தன் வாழ்நாளில் 521 ஹோம் ரன்களை அடித்தார். வில்லியம்ஸ் அடித்ததும் சரியாக 521 ஆகும். நேர்முறை சராசரியை உயர்த்தும், ஹோம் ரன்களைத் தராது என்ற பரவலான கருத்துக்கு இதனை விடச் சிறந்த மறுப்பு கிடைப்பது அரிது.

இயற்பியல் விளக்கம்

1995இல் வெளியான ஓர் உயிர்விசையியல் ஆய்வு, தொழில்முறை மட்டையாளர்களின் இடுப்பு நொடிக்கு 714 பாகையும், தோள் நொடிக்கு 937 பாகையும் என்னும் உச்ச வேகங்களில் சுழல்வதாக அளந்தது. மட்டையின் உச்ச வேகம் நொடிக்கு 31 மீட்டர். நொடிக்கு 937 பாகை என்பது ஏறத்தாழ 16.4 ரேடியன். உடலின் அச்சிலிருந்து மட்டையின் அடிக்கும் பகுதி 1.3 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், தோளின் சுழற்சி மட்டும் தரக்கூடிய வேகம் நொடிக்குச் சுமார் 21 மீட்டர். எஞ்சியது, கைகளைப் பொறுத்து மட்டை தனியே சுழல்வதால் வருகிறது. மாறாக, முன்னோக்கி அடிவைக்கும் உடல் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்ந்தால், மட்டைக்கு நேரடியாகச் சேர்வதும் அந்த ஒரு மீட்டரே. இக்கணக்கில் சுழற்சியே பெரும்பங்கு வகிப்பது தெளிவு.

ஆனால் அந்தச் சுழற்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நேர்முறையினரின் கூற்றுக்கும் இடமுண்டு. முன்னோக்கி நகரும் உடலுக்கு உந்தம் உண்டு. முன்கால் தரையில் ஊன்றி விறைப்படையும்போது தரை அதனைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இவ்விசை உடலின் திணிவு மையத்தின் ஊடாகச் செல்லாமல் சற்று விலகிச் செல்வதால் ஒரு திருப்புவிசை உண்டாகிறது. முன்பக்க இடுப்பு தடைபட, பின்பக்க இடுப்பு தொடர்ந்து முன்னேற, உடல் கதவைப்போல் திரும்புகிறது. இவ்வாறு நேர்கோட்டு உந்தம் கோண உந்தத்துக்கு வழிவிடுகிறது. அமெரிக்க நேஷனல் லீக்கின் இயற்பியலாளராகப் பணியாற்றிய யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் அடேர், 1990இல் வெளியிட்ட "தி ஃபிசிக்ஸ் ஆஃப் பேஸ்பால்" நூலில், முன்னோக்கிய நகர்வின் ஆற்றலும் உடற்சுழற்சியின் ஆற்றலும் இறுதியில் மட்டைக்கு மாறுவதாகவே விளக்கியுள்ளார்.

இடுப்பு, தோள், கை, மட்டை என்ற வரிசையில் ஒவ்வொரு பகுதியும் உச்ச வேகத்தை அடைந்து, பின் வேகம் குறைந்து, தன் ஆற்றலை அடுத்த பகுதிக்குக் கொடுக்கிறது. இதனை இயக்கச் சங்கிலி என்பர். சாட்டையின் நுனி விரைவதும் இதே முறையில்தான். தொடக்கத்தில் கைகள் உடலை ஒட்டியிருந்தால் நிலைமத் திருப்புதிறன் குறைவாக இருப்பதால் சுழற்சி எளிதாகிறது. கைகளை முன்கூட்டியே நீட்டிவிடுபவரின் மட்டை இக்காரணத்தால் தாமதமாகிறது.

பந்தைத் தொட்ட பின் மேற்கையை மட்டையிலிருந்து விட்டுவிடுவது லாவ் வழியினரின் அடையாளமாயிற்று. இது குறித்துச் சொற்போர்கள் பல நிகழ்ந்துள்ளன. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஓர் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. மோதலின் அதிர்வு கைப்பிடிக்குச் சென்று திரும்புவதற்குள் பந்து போய்விடுகிறது. ஆகவே அதன் பின்னர் கையை விடுவதோ பிடித்திருப்பதோ பந்தின் போக்கை மாற்றாது. கையை விடும் எண்ணம், மோதலுக்கு முன்னரே வீச்சைத் தளர்வாக்கக் கூடும் என்பது மட்டுமே இதன் பயனாக இருக்க முடியும்.

ஜப்பானிய மட்டையாளர்கள்

868 ஹோம் ரன்கள் அடித்த சடஹரு ஓ, பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவாவின் வழிகாட்டலில் 1962 முதல் முன்காலை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் முறையைக் கையாண்டார். தொங்கவிட்ட தாளை வாளால் வெட்டிப் பழகுவது அவரது பயிற்சிகளுள் ஒன்று. உயர்த்திய கால் தரையைத் தொடும் வரை எடை மாற்றம். தொட்டபின் கடுமையான சுழற்சி. இவரை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் இரு சாராரும் உடன்படுவதில்லை. 2004இல் 262 அடிகள் பெற்று அமெரிக்கச் சாதனை படைத்த இச்சிரோ சுசுகியோ உடல் முழுதும் முன்னோக்கி நகர அடிப்பவர். இடக்கை மட்டையாளரான அவருக்கு அந்நகர்வு முதல் தளத்தை நோக்கி ஓடவும் உதவியது.

அண்மைக்கால அளவீடுகள்

அமெரிக்க அரங்குகளில் 2015 முதல் பயன்படும் ஸ்டாட்காஸ்ட் கருவித் தொகுதி, பந்து வெளியேறும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கிறது. 25 முதல் 30 பாகை வரையிலான கோணத்தில் வேகமாக வெளியேறும் பந்துகளே மிகுந்த பயன் தருவது இதனால் உறுதியாயிற்று. ஜஸ்டின் டர்னர், ஜே. டி. மார்ட்டினெஸ் போன்றோர் தம் வீச்சை மேல்நோக்கி மாற்றி வெற்றி கண்டனர். 2019இல் மொத்தம் 6,776 ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. ஆனால் இதனைச் சுழல்முறையின் வெற்றி என்று மட்டும் கூற இயலாது. இயற்பியலாளர் ஆலன் நாதன் தலைமையிலான குழு 2018இல் அளித்த அறிக்கை, அதற்கு முந்தைய ஆண்டுகளின் உயர்வுக்குப் பந்தின் காற்றுத்தடை குறைந்ததே முதன்மைக் காரணமெனக் கண்டது.

2024 முதல் மட்டையின் வேகமும் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகிறது. முதன்மை லீக்குகளின் சராசரி மணிக்குச் சுமார் 115 கிலோமீட்டர். ஜியான்கார்லோ ஸ்டான்டனின் சராசரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அதே அட்டவணையில், மிகக் குறைந்த மட்டைவேகம் கொண்டிருந்த லூயிஸ் அராயெஸ் 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள், மூன்று வெவ்வேறு அணிகளுக்காக ஆடி, தம் லீக்கின் உயர்ந்த அடிச் சராசரியைப் பெற்றார்.