ரொறன்ரோவின் கார்டினர் அதிவேகப் பாதை: கட்டியவர்கள், தடுத்தவர்கள், மறித்தவர்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள கார்டினர் அதிவேகப் பாதையின் பெயர் எமது மக்களில் பலருக்கு ஒரேயொரு காரணத்தால்தான் தெரியும். 2009 மே 10ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ரொறன்ரோத் தமிழர்கள் அந்தப் பாதையில் ஏறி அமர்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். அந்த மறியலைப் பற்றி ஒவ்வொரு மே மாதமும் பேசுகிறோம். ஆனால் அந்த வீதி எப்படி வந்தது, அதற்காக யாருடைய வீடுகள் போயின, அதை யார் எதிர்த்தார்கள், இன்று அதை யார் செலவு செய்து தாங்குகிறார்கள் என்பவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை. நான் ஸ்காபுறோவில் வசிப்பவன். பல வருடங்கள் இந்தப் பாதையால் வேலைக்குப் போய் வந்தவன். அன்றைய மாலையும் அங்கு நின்றவன். போர் முடிந்த எமது மண்ணிலும் வீதிகளும் மேம்பாலங்களும் அபிவிருத்தியின் அடையாளமாகக் காட்டப்படும் இக்காலத்தில், இந்த வீதியின் கதை எமக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாதையின் அமைப்பு

கார்டினர் அதிவேகப் பாதை ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளமானது. மேற்கே 427ஆம் இலக்க நெடுஞ்சாலை குயின் எலிசபெத் வேயைச் சந்திக்கும் இடத்தில் தொடங்கி, ஒன்ராறியோ ஏரியின் கரையை ஒட்டி நகர மையத்தைக் கடந்து, கிழக்கே டொன் ஆற்றருகே டொன் வலி பார்க்வேயுடன் இணைகிறது. டொன் வலி பார்க்வே அங்கிருந்து வடக்கே திரும்பி 401ஆம் இலக்க நெடுஞ்சாலைக்குச் செல்கிறது.

மேற்குப் பகுதியில் பாதை தரையில் ஓடுகிறது. டஃபரின் வீதியை அண்டிய இடத்திலிருந்து கிழக்கே சுமார் 7 கிலோமீற்றருக்கு அது கொங்கிறீற் தூண்களின் மீது ஏறிவிடுகிறது. சி.என். கோபுரத்துக்கும் ஏரிக்கும் இடையால் உயரமான கட்டடங்களின் ஜன்னல்களை உரசுவதுபோலச் செல்வது இந்தப் பகுதிதான். இங்கு ஒவ்வொரு திசைக்கும் மூன்று ஒழுங்கைகள். சில இடங்களில் அதன் கீழேயே லேக் ஷோர் வீதி ஓடுகிறது.

ஒரு நாளில் சுமார் 1,40,000 வாகனங்கள் இதைப் பயன்படுத்துவதாக மாநகர நிர்வாகம் கூறுகிறது. காலையில் நகரத்துக்குள் வரும் திசையும் மாலையில் வெளியேறும் திசையும் மட்டும் நெரிசல் என்ற காலம் போய்விட்டது. இப்போது இரு திசையிலும் இரு நேரமும் நெரிசல்தான். பேஸ்போல் போட்டியோ ஓகஸ்ட் மாதக் கண்காட்சியோ நடக்கும் நாட்களில் நடந்து போகிறவர் எம்மை முந்திவிடுவார்.

யாருக்காகக் கட்டப்பட்டது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ரொறன்ரோவின் புறநகர்கள் வேகமாக வளர்ந்தன. அங்கு குடியேறியவர்களைக் காரில் நகர மையத்துக்குக் கொண்டுவருவதே நோக்கம். 1953 முதல் 1961 வரை ரொறன்ரோ பெருநகர சபையின் தலைவராக இருந்த பிரெட்றிக் கார்டினர் இத்திட்டத்தை முன்னின்று நடத்தினார். பாதைக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. 1955இல் வேலை தொடங்கியது. 1958இல் ஹம்பர் ஆற்றிலிருந்து ஜேம்சன் வரையான முதற்பகுதி திறக்கப்பட்டது. 1962இல் யோர்க் வீதி வரையும், 1964இல் டொன் வலி பார்க்வே வரையும், 1966இல் லெஸ்லி வீதி வரையும் நீண்டது.

இதற்குக் கொடுத்த விலை பணம் மட்டுமல்ல. சனிசைட் என்ற ஏரிக்கரைப் பொழுதுபோக்குப் பூங்கா இடிக்கப்பட்டது. தென் பார்க்டேல் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அகற்றப்பட்டன. ஏரிக்கரைக் குடியிருப்பாக இருந்த பார்க்டேலுக்கு ஏரி எட்டாமற் போயிற்று.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 1812ஆம் ஆண்டுப் போரோடு தொடர்புடைய யோர்க் கோட்டையின் நிலத்தின் மேலாகப் பாதையைக் கொண்டுசெல்லவும் திட்டமிருந்தது. வரலாற்று ஆர்வலர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். கார்டினர் பின்வாங்க, பாதை வளைந்து சென்றது. அமைப்பாகத் திரண்டு குரல் கொடுத்தவர்களின் கோட்டை தப்பியது. பார்க்டேல் குடியிருப்பாளர்களின் வீடுகள் தப்பவில்லை.

ஸ்காபுறோவுக்கு வராத பாதை

கார்டினர் பாதை லெஸ்லி வீதியோடு நிற்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. அங்கிருந்து கிழக்கே ஸ்காபுறோ வரை இன்னொரு அதிவேகப் பாதை செல்லவிருந்தது. அதற்கு முன் நகரின் வடமேற்கே திட்டமிடப்பட்ட ஸ்பாடைனா அதிவேகப் பாதையை மக்கள் தீவிரமாக எதிர்த்தனர். 1971 ஜூன் மாதம் ஒன்ராறியோ மாகாண முதல்வர் பில் டேவிஸ் அதை நிறுத்தினார். அந்த அலையில் ஸ்காபுறோப் பாதையும் சில வருடங்களில் கைவிடப்பட்டது. அதற்காகக் காத்து நின்ற கிழக்கு முனையை 2000, 2001 ஆண்டுகளில் இடித்துத் தள்ளினார்கள். நினைவுக்கென்று சில தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போருக்குத் தப்பி வந்த எம்மவர்கள் முதலில் நகர மையத்தின் சென். ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளிலும் பின்னர் பெருமளவில் ஸ்காபுறோவிலும் குடியேறினோம். கார்டினரைப் பிடிக்க நாம் 401இல் ஏறி, டொன் வலி பார்க்வேயில் இறங்கிச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தப் பாதை வந்திருந்தால் எமக்கு வசதி என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். வந்திருந்தால் இடையில் எத்தனை குடியிருப்புகள் பார்க்டேல் போல ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி.

2009 மே 10

அன்று ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முதல் நாள் இரவு தொடங்கிய எறிகணை வீச்சில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்ட செய்தி வந்திருந்தது. அதற்கு முன்னர் மனிதச் சங்கிலி, அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நாட்கணக்கான போராட்டம் என்று செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தாயிற்று. மாலை ஆறு மணியளவில் ஸ்பாடைனா வீதி ஏறுவழியால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேலே ஏறினார்கள். பெண்களும் முதியவர்களும் குழந்தை வண்டிகளும் அதில் இருந்தன. இரு திசையிலும் போக்குவரத்து நின்றது. பிரதான எதிர்க்கட்சியான லிபரல் கட்சி விடயத்தை நாடாளுமன்றத்தில் எழுப்பும் என்ற உறுதி கிடைத்த பின்னர், நள்ளிரவை அண்மித்தபோது கூட்டம் இறங்கியது.

நகரத்தில் கோபம் எழுந்தது. உயரத்தில் உள்ள பாதைக்குக் குழந்தைகளைக் கொண்டுசென்றதையும், அம்புலன்ஸ் போன்ற அவசர சேவைகளுக்கு ஏற்படக்கூடிய ஆபத்தையும் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கார்டினர் பாதை மூடப்படாத பாதையல்ல. இதய நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் சைக்கிள் ஓட்டத்துக்காக வருடத்தில் ஒரு ஞாயிறு காலை அது மூடப்படுகிறது. பராமரிப்புக்காகவும் மூடப்படுகிறது. வேறுபாடு அனுமதியில்தான் இருந்தது. எமக்கு அனுமதி கேட்க நேரம் இருக்கவில்லை. அங்கு அமர்ந்திருந்தவர்களில் பலரின் உறவுகள், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதால் யாழ்ப்பாணத்தில் மருந்துக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள். வீதி மூடப்படுவது என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு கனடாவின் தொலைக்காட்சிகள் வன்னியைப் பற்றிப் பேசின. எட்டு நாட்களில் எல்லாம் முடிந்தது. பாதை மறித்ததால் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. அந்த மக்கள் செத்துக்கொண்டிருந்தது தெரியாது என்று அதன் பின்னர் ரொறன்ரோவில் எவரும் சொல்ல முடியாமற் போனதும் உண்மை.

உப்பும் துருவும்

மேம்பாலத்தின் பெரிய எதிரி உப்பு. குளிர்காலத்தில் பனியை உருக்க வீதியில் உப்புத் தூவுவார்கள். உப்புக் கரைந்த நீர் பாலத்தின் இணைப்பு இடைவெளிகளால் இறங்கி உள்ளேயுள்ள கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடித்துப் பருக்க, கொங்கிறீற் வெடித்துக் கழன்று விழுகிறது. 2012இல் இப்படித் துண்டுகள் கீழேயுள்ள வீதியில் விழுந்தது பெரிய செய்தியாயிற்று.

கிழக்கு மேம்பாலத்தை இடித்துத் தரையில் அகலமான வீதி அமைப்பதா, திருத்தி வைத்திருப்பதா என்ற வாதம் பல வருடங்கள் நடந்தது. காலையில் நகர மையத்துக்கு வேலைக்கு வருவோரில் நூற்றுக்கு 3 பேர் மட்டுமே அந்தப் பகுதியைக் காரில் பயன்படுத்துவதாகவும், வைத்திருக்கும் செலவு இடிக்கும் செலவின் இருமடங்கு வரை வரும் எனவும் அப்போதைய மதிப்பீடுகள் கூறின. இருந்தும் 2015 ஜூன் மாதம் மாநகர சபை 24க்கு 21 என்ற வாக்குகளில் வைத்திருக்க முடிவுசெய்தது. பயணம் சில நிமிடங்கள் கூடும் என்ற அச்சமே வென்றது.

செலவுக்காக 2016இல் சுங்கம் அறவிட மாநகர சபை தீர்மானித்தது. 2017 ஜனவரியில் மாகாண அரசு அனுமதி மறுத்தது. பாதை மாநகரத்துக்குச் சொந்தம், சுங்கம் அறவிடும் அதிகாரம் மாகாணத்திடம். மேற்குப் பகுதியை 1997இல் பெருநகரத்தின் தலையில் கட்டியதும் இதே மாகாணம்தான். இறுதியில் 2023 நவம்பரில் பாதை முழுவதையும் தானே பொறுப்பேற்க மாகாணம் உடன்பட்டது. டஃபரின் முதல் ஸ்ட்றாச்சன் வரையான திருத்தவேலை 2024இல் தொடங்கி, ஒழுங்கைகள் குறைக்கப்பட்டு, 2025இன் பிற்பகுதியில் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. யோர்க் கோட்டையருகே பாழாய்க் கிடந்த மேம்பாலத்தின் அடிப்புறம், ஒரு தம்பதியர் வழங்கிய 25 மில்லியன் டொலர் நன்கொடையால் 2018இல் ‘பென்ற்வே’ என்ற பொதுவெளியாக மாறியது. குளிர்காலத்தில் அங்கு பிள்ளைகள் பனிச்சறுக்குகிறார்கள்.

எமக்கு என்ன?

கொழும்பில் 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்திலிருந்து துறைமுகத்தை நோக்கித் தூண்களின் மீது பாதை அமைக்கப்படுகிறது. வடக்கு, கிழக்கிலும் வீதித் திட்டங்கள் தொடர்ந்து பேசப்படுகின்றன. வீதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏ9 மூடியிருந்த காலத்தை அறிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். யாருடைய காணி போகிறது? ஐம்பது வருடங்களுக்குப் பின் திருத்தும் செலவு யாருடையது? முடிவெடுக்கும் அதிகாரமும் செலவும் ஒரே கையில் இருக்கின்றனவா? யோர்க் கோட்டையைக் காத்தவர்கள் கொங்கிறீற் ஊற்றப்படுவதற்கு முன்னரே கேட்டார்கள். பார்க்டேல் மக்கள் இழந்த ஏரிக்கரை இன்றுவரை திரும்பவில்லை.